‘+1’ என்னும் குறியின் வரலாறு

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் முதற் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய அந்நூல், கட்டளைகளின் பெயர், எழுதும் முறை, விளக்கம் என்பவற்றோடு ‘வழுக்கள்’ என்றொரு தலைப்பையும் கொண்டிருந்தது. ஆக்கியோரே தம் ஆக்கத்தின் குறைகளை அச்சிட்டமை துணிவான செயலே. ஆயின் அத்தலைப்பின்கீழ் எழுதப்பட்டவை அவ்வப் பதிப்பின் குறைகள் மாத்திரமே. ஒரு பதிப்பிற் சரியாயிருந்த கட்டளை மற்றொன்றிலே வேறு பொருள் தருமாயின், அதனைப் பதிவதற்கு வேறொரு முறை வேண்டியிருந்தது.

வரிகளை ஒழுங்குபடுத்தும் ‘சோர்ட்’ கட்டளையின் வரலாறு இதனைக் காட்டும். கட்டளையொன்றின் செயலை மாற்றுதற்கு அதனோடு சேர்த்தெழுதும் குறி ‘தெரிவு’ எனப்படும். பழைய வழக்கில் ‘சோர்ட்’ என்பதன் பின் ‘+1’ என்னும் தெரிவை எழுதினால், ஒவ்வொரு வரியிலும் ஒரு புலத்தைக் கடந்து இரண்டாம் புலந்தொட்டு ஒப்பிடுக என்பது பொருள். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளை ஒருமைப்படுத்த எழுந்த பொசிக்ஸ் நியமம், 1992இல் இதற்கு மாற்றாகச் சிறுகோடும் ‘கே’ எழுத்தும் கொண்ட தெரிவை வகுத்தது; பழையதையோ வழக்கொழியத்தக்கதெனக் குறித்து விட்டுவைத்தது. பழைய தெரிவு புலங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது. புதியது ஒன்றிலிருந்து எண்ணுவது. ஆகவே பழைய ‘+1’ஐப் புதிய முறையில் எழுதுவோர் 2 என்றே எழுதவேண்டும். குறியை மாத்திரம் மாற்றி எண்ணை மாற்றாதவர் பிழைச்செய்தி எதனையும் பெறார். பிழையான ஒழுங்கையே பெறுவர்.

2001ஆம் ஆண்டின் நியமம் பழைய தெரிவை நீக்கிற்று. நீக்கியதோடு நின்றிருந்தால் இடர் சிறிதாயிருக்கும். கூட்டற்குறியில் தொடங்கும் சொல் கோப்பின் பெயராகக் கொள்ளப்பட்டமையால், அதே கட்டளை இப்போது ‘+1’ என்னும் பெயருடைய கோப்பைத் தேடலாயிற்று. கோப்பின் கடைப்பகுதியைக் காட்டும் கட்டளைக்கும் இதுவே நேர்ந்தது. அதனை நம்பித் தம்முள் அடங்கிய பொதியை விரிக்க எழுதப்பட்ட கட்டளைக்கோவைகள், கோப்பைத் திறக்க இயலவில்லை என்று கூறி நின்றுபோயின. எவரும் உருவாக்காத கோப்பொன்றை முறைமை ஏன் தேடுகின்றது என்பது, நியமத்தின் வரலாற்றை அறியாதார்க்கு எங்ஙனம் விளங்கும்? பின்னர் 2008ஆம் ஆண்டு நியமம், பழைய நடத்தை, புதிய நடத்தை இரண்டில் எதனையும் கைக்கொள்ளலாம் என இடமளித்தது. சமரசமெனத் தோன்றும் இத்தீர்ப்பு உண்மையிற் குழப்பத்தை நிலைபெறச் செய்தது எனலாம்.

இந்நிலையிலே க்னூ கருவித்தொகுதியின் கைந்நூல் கைக்கொண்ட முறை கருதத்தக்கது. ‘இத்தெரிவு வழக்கொழிந்தது’ என்று மாத்திரம் எழுதியிருப்பின், அக்குறி இப்போது எதனைச் சுட்டுகின்றது என்பது மறைந்துபோயிருக்கும். அவ்வாறன்றி, ஒரே கட்டளை எவ்வாண்டு நியமத்தில் என்ன பொருள் தருமென அது அடுத்தடுத்து வைத்துக் கூறுகின்றது. சூழல் மாறி ஒன்றில் 199209, 200112, 200809 என ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்ணை இட்டு, வேண்டிய நியமத்தைத் தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. அதனினும் பெறுமதியானது, மயக்கமற்ற எழுத்துமுறையை அது எடுத்துக்காட்டுவதாகும்: புலத்தைக் கருதினால் ‘கே’ தெரிவை எழுதுக; ‘+1’ என்னும் கோப்பையே கருதினால் அதன்முன் புள்ளியும் சாய்கோடும் இடுக. இவ்விரு வடிவங்களும் 1992இன் நியமத்திலும் 2001இன் நியமத்திலும் ஒரே பொருளையே தருவன.