அணு எரிபொருளில் சிலிக்கன்

ஆய்வு உலைகளுக்கென உருவான யுரேனியம்–மாலிப்டினம் எரிபொருள், அலுமினியத்துக்குள் நுண்துகள்களாகப் பொதிந்து தகடாக்கப்படுகிறது. உலைக்குள் இரண்டும் வினைபுரிய, துகளைச் சுற்றி ஒரு படலம் வளர்கிறது. சிக்கல் இங்கேதான். கதிர்வீச்சில் படிக ஒழுங்கை இழக்கும் அந்தப் படலத்தால், அணுப்பிளவில் பிறக்கும் செனான் வாயுவைத் தாங்க முடிவதில்லை. விளிம்பில் துளைகள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து, கடைசியில் தகடே உப்பிவிடுகிறது.

அலுமினியத்தில் 2 முதல் 5 விழுக்காடு சிலிக்கன் சேர்த்தால், அது துகளின் மேற்பரப்பில் குவிந்து அலுமினியம் உட்புகுவதை மட்டுப்படுத்துகிறது. படலம் மெலிகிறது, துளைகளும் குறைகின்றன. ஆனால் இது முழுத் தீர்வு அல்ல. பெல்ஜியத்தின் பிஆர்-2 உலையில் கடும் வெப்பப் பாய்வில் சோதித்தபோது, சிலிக்கன் சேர்த்த தகடுகளிலும் சில உப்பின. அதன்பின் துகள்களுக்கே சிர்கோனியம் நைட்ரைடு பூசும் முறை வலுப்பெற்றது.

இந்தியாவில் சிலிக்கன் எரிபொருளுக்குள்ளேயே இடம்பெறுகிறது. மும்பை டிராம்பேயில் 2018 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா-யூ ஆய்வு உலை, அலுமினியத்தில் பொதிந்த யுரேனியம் சிலிசைடை (U₃Si₂) எரிக்கிறது. இதில் வாயுக்குமிழிகள் சிறிதாக, சீராகப் பரவி நிற்கும். சிலிக்கன் குறைந்த U₃Si சேர்மத்திலோ அவை வேகமாகப் பெருத்து ஒன்றுசேரும்.