டாக்டருக்குப் படிக்கிறவங்க ஏன் போராடுறாங்க? சிதம்பரம் கல்விக் கட்டணம் முதல் எச்ஐவி மருந்து விலை வரை... முழு விளக்கம்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போராட்டம்னு நியூஸ் வந்தாலே வீட்டில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். 'படிக்கிற வேலையைப் பார்க்காம இதெல்லாம் எதுக்கு?' என்பது ஒன்று. 'அவங்க கேட்கிறதுலயும் நியாயம் இருக்கே' என்பது இன்னொன்று. உண்மையில் இந்த மாணவர்கள் எதைக் கேட்கிறார்கள்? அது கிடைத்தால் தாடிக்கொம்பில் இருக்கிற ஒரு நோயாளிக்கு என்ன மாறும்? விரிவாகப் பார்க்கலாம்.

எதற்காகப் போராடுகிறார்கள்?

பாதுகாப்பு, உதவித்தொகை போன்ற கோரிக்கைகள் அடிக்கடி செய்திகளில் வரும். அதைத் தாண்டி, பொதுமக்களை நேரடியாகத் தொடும் கேள்விகள் மூன்று.

* யார் டாக்டர் ஆக முடியும்? (கட்டணம், இட ஒதுக்கீடு)
* மருந்து யாருக்குக் கிடைக்கும்? (விலை, காப்புரிமை)
* படித்து முடித்த டாக்டர் எங்கே வேலை பார்ப்பார்? (கிராமப்புறச் சேவை, அரசுப் பணியிடங்கள்)

இது நம்ம ஊர்ல மட்டும் நடப்பது இல்லை. மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேச கூட்டமைப்பு 1951-லேயே டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்டது. பொது சுகாதாரம், மனித உரிமை ஆகியவை அதன் முக்கியமான வேலைகள்.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் சமீப காலத்தில் நடந்த பெரிய மருத்துவ மாணவர் போராட்டங்களில் ஒன்று, சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நடந்தது.

இந்தக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நிர்வாகம் அரசிடம் வந்தது. ஆனால் கட்டணம் மட்டும் பழையபடியே தொடர்ந்தது.

அப்போது மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு சுமார் 13,600 ரூபாய். இங்கே 5 லட்சத்துக்கும் மேல். முதுநிலை மாணவர்களுக்கு இன்னும் அதிகம்.

'அரசு கல்லூரின்னா அரசு கட்டணம்தானே வாங்கணும்?' என்பதுதான் மாணவர்களின் கேள்வி. 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கியது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், முதுநிலை என எல்லாப் பிரிவு மாணவர்களும் கலந்துகொண்டார்கள். 2021 ஜனவரியில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்படியும் மாணவர்கள் கலையவில்லை. 50 நாட்களைத் தாண்டியும் போராட்டம் தொடர்ந்தது.

ஜனவரி இறுதியில் அரசாணை வந்தது. கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக அறிவிக்கப்பட்டது. அடுத்து பிப்ரவரியில், மற்ற அரசு கல்லூரிகளுக்கு இணையாகக் கட்டணம் குறைக்கப்பட்டது. அதன்பிறகே மாணவர்கள் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.

கட்டணம் குறைஞ்சா நோயாளிக்கு என்ன லாபம்?

இது மாணவர்களோட பணப் பிரச்சினைதானே என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 5 லட்சம்னா, நாலரை வருஷப் படிப்புக்கு 20 லட்சத்தைத் தாண்டும். விடுதி, சாப்பாடு, புத்தகச் செலவு தனி. வீட்டை அடமானம் வைத்தோ, கல்விக் கடன் வாங்கியோ படித்து முடிக்கும் ஒருவருக்கு முதல் கவலை கடனை அடைப்பதாகத்தான் இருக்கும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்க ஆசை இருந்தாலும், அதிக சம்பளம் தரும் நகரத்துத் தனியார் மருத்துவமனைதான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று, இவ்வளவு கட்டணம்னு கேட்டதுமே விண்ணப்பிக்காமல் ஒதுங்கிவிடும் குடும்பங்களும் உண்டு.

இதே காலகட்டத்தில்தான், அதாவது 2020 அக்டோபரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அமலுக்கு வந்தது. ஆனால் சீட் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாத நிலை சிலருக்கு வந்தது. அதனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அடுத்த மாதமே அறிவிக்க வேண்டியிருந்தது. இந்த ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

மருந்து விலைக்கும் மாணவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

இதற்கு எச்ஐவியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் எச்ஐவி தொற்று இருப்பதை 1986-ல் முதன்முதலில் வெளிக்கொண்டு வந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலா தன் ஆய்வுக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டபோதுதான் இது உறுதியானது.

நோயைக் கண்டுபிடித்தாச்சு, மருந்து? 1990-களின் பிற்பகுதியில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆனது. ஏழை நாடுகளில் யாராலும் வாங்க முடியாத விலை.

அதில் ஒரு மருந்து ஸ்டாவுடின். அதன் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. விற்கும் உரிமை பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம். காப்புரிமைன்னா, ஒரு மருந்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் தயாரித்து விற்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு.

2001-ல் தென்னாப்பிரிக்க நோயாளிகளுக்கு விலை குறைந்த ஜெனரிக் மருந்து கிடைக்க வழிவிடுமாறு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு யேலிடம் கேட்டது. நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தாச்சு, நாங்க ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் முதலில் வந்த பதில். இதை அங்கே படித்த மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். மருந்தைக் கண்டறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரான வில்லியம் ப்ருசோஃப், மாணவர்கள் பக்கம் நின்றார். 2001 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்திய நிறுவனமான சிப்லா, ஸ்டாவுடின் உட்பட 3 மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டும்தான். அதனால்தான் இது சாத்தியமானது. 2005-ல் சட்டம் மாறியது. பக்கவிளைவுகள் காரணமாக ஸ்டாவுடின் பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் குறைந்த விலைக்கான பாதை திறந்துவிட்டது.

2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு எச்ஐவி மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.

மாணவர்கள் கேட்பதெல்லாம் மக்களுக்காகத்தானா?

எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2007-ல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கு ஒரு வருட கிராமப்புறச் சேவையைக் கட்டாயமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துக் கடுமையாக எதிர்த்தார்கள்.

கிராமத்துக்குப் போக மாட்டேன் என்கிறார்களா என்று பொதுமக்களிடம் கோபம் எழுந்தது. மாணவர்கள் சொன்ன காரணம் வேறு. ஒரு வருஷத்துக்கு ஒரு டாக்டர்னு மாற்றி மாற்றி அனுப்புவதைவிட, காலியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

திண்டுக்கல்லுக்கு இதில் என்ன இருக்கு?

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் மதுரைக்கோ தேனிக்கோ ரெஃபர் செய்வார்கள். இப்போது கரூர் ரோட்டில் தாடிக்கொம்பிலிருந்து பஸ் ஏறினால் மருத்துவக் கல்லூரி உள்ள ஊருக்கே போய்விடலாம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி, எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிக்கும் காலத்தில் அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு அப்படி வந்தால் சர்க்கரை, பிரஷர் அளவோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மாத்திரை கிடைக்கவில்லை, எந்த நேரத்தில் டாக்டர் இல்லை என்பதையும் சொல்லுங்கள். அவர்களின் அடுத்த கோரிக்கை அதிலிருந்தும் வரலாம்.

அடுத்த முறை போராட்டச் செய்தி பார்த்தால்...

இந்த 3 விஷயங்களைக் கவனியுங்கள்.

* கோரிக்கை தெளிவாக இருக்கிறதா? சிதம்பரத்தில் 'அரசு கட்டணம்', யேலில் 'ஒரு மருந்து, ஒரு நாடு'. அதனால்தான் அரசாணையாகவும் அறிவிப்பாகவும் மாற முடிந்தது.
* அது நிறைவேறினால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்?
* போராட்ட நாட்களில் அவசர சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு?

மூன்றுக்கும் பதில் இருந்தால், அது உங்களுக்குமான போராட்டம்தான்.