அதே வண்டி, வேறு பிளேட்

ஸ்டாண்டர்டு ஹெரால்ட் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கிறவர்களுக்கு முதல் சில மாதம் சந்தோஷமாகத்தான் போகும். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டலாம், பெயின்ட் அடிக்கலாம், சீட் தைக்கலாம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. வண்டியை ரோட்டில் இறக்கும்போதுதான் சிக்கல் வரும். கிளட்சை முழுசா மிதித்தாலும் கியர் கரகரவென்று கத்தும். இல்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் இரையும், வண்டி நகராது. இங்கிலாந்திலிருந்து காசு கொடுத்து வரவழைத்த புது கிளட்ச் செட்டைப் போட்ட பிறகும் இப்படி ஆகும். "ஹெரால்டுக்குன்னுதானே போட்டிருக்கான், அப்புறம் ஏன் சேரல?"

இந்தக் கேள்விக்குப் பதில் கியர் பாக்ஸுக்குள் பாதிதான் இருக்கிறது. மீதியைத் தேட இந்தியக் கார் தொழிலின் வரலாற்றுக்குள் போகணும்.

சுதந்திரத்துக்கு முன்பு இங்கே கார்கள் பெரும்பாலும் பூட்டப்பட்டன, தயாரிக்கப்படவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாயில் அந்த வேலையைச் செய்தது. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே முடுக்கி விற்பார்கள். 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு அரசு கறாராகச் சொல்லிவிட்டது: பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருக்கிற கம்பெனிகள் மட்டும் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. கார் தயாரிப்பில் முக்கியமாக மூன்று பேர் மிஞ்சினார்கள்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

மெட்ராஸ் கம்பெனி 1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தார்கள். 948 சிசி இன்ஜின். அங்கே அதே 1961-ல் 1147 சிசி ஹெரால்ட் 1200 வந்துவிட்டது. 1967-ல் 1296 சிசியோடு ஹெரால்ட் 13/60 வந்தது. 1971-ல் ஹெரால்டையே நிறுத்திவிட்டார்கள். இங்கே நடந்தது வேறு. மார்க் 2, மார்க் 3 என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தது, இன்ஜின் 948-லேயே நின்றது. அதே சமயம் இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டை மெட்ராஸில் செய்தார்கள். 1972-ல் வந்த கெஸல் அதே இன்ஜினோடு 1977 வரை ஓடியது.

ஒரே பெயரில் இரண்டு நாட்டில் ஓடிய இரண்டு வண்டி இவை. வருஷத்தை வைத்து இங்கிலாந்து கேட்லாக்கைப் புரட்டினால் தப்பான பக்கத்துக்குத்தான் போவோம். 1969 மாடல் ஹெரால்ட் என்று ஆர்டர் போட்டால் 13/60-க்கான கிளட்ச் வரும். நம்ம வண்டிக்குள் இருப்பதோ 1961-ன் இன்ஜின்.

இந்த இடைவெளியில்தான் கிளட்சும் மாறியது. பழைய 948-ல் இருந்தது காயில் ஸ்பிரிங் கிளட்ச். வட்டமாக அடுக்கிய சுருள் ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தும், அதை விலக்க நெம்புகோல் மாதிரி சின்ன லீவர்கள் இருக்கும். பிளேட்டின் விட்டம் 6¼ அங்குலம். 13/60-ல் வந்தது 6½ அங்குல டயஃப்ரம் கிளட்ச். சுருள்களுக்குப் பதில் பூவிதழ் மாதிரி கீறிவிட்ட ஒரே எஃகுத் தட்டு, அந்த இதழ் நுனிகளை ரிலீஸ் பேரிங் நேரடியாகத் தள்ளும். இரண்டு பிளேட்டுக்கும் வித்தியாசம் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் சொச்சம். மேஜைமேல் தனித்தனியாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். சேலத்திலிருந்து பெங்களூரு போகிற சாலையில் ஓமலூர் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க வண்டித் தொழில் நிலம். சங்ககிரியில் லாரி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவது, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். இந்தப் பட்டறைகளில் வளர்ந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு: சாமான் கிடைக்கலைன்னா வண்டியை நிறுத்தக் கூடாது. பழைய பிளேட்டில் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்பார்கள். லேத்தில் கொடுத்து ஃப்ளைவீலைக் கடைவார்கள். காயலான் கடையில் கிடைத்த வேறு வண்டிக் கவரைத் துளை போட்டு மாட்டுவார்கள். 1977-க்குப் பிறகு ஹெரால்ட் குடும்பத்துக்குப் புது வண்டியே இல்லாமல் போனபோது, மிச்சமிருந்த வண்டிகளை ஓட வைத்தது இப்படிப்பட்ட கைகள்தான். அவர்கள் செய்தது தப்பு என்று சொல்வது சுலபம். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்குப் புதுப்பிக்க வண்டியே இருந்திருக்காது.

அதனால் பெட்டியைத் திறந்ததும் "எவன் இப்படிப் பண்ணி வெச்சான்" என்று கேட்பதற்குப் பதில், என்ன பண்ணியிருக்கிறார் என்று படிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் நோயைப் பிரிக்கணும். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, கிளட்சை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கத்தினால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. ஓமலூரிலிருந்து தருமபுரி பக்கம் தொப்பூர் ஏற்றத்தில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பிரியவில்லை என்றால் உடனே கியர் பாக்ஸை இறக்காதீர்கள். ஹெரால்டில் கிளட்சை இயக்குவது ஆயில். மேலே மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவு மாறாது. கீழே ¾ அங்குல சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ⅞ அங்குலம் மாட்டியிருந்தால், தள்ளுகோல் நகரும் தூரம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்தால்தான் தெரியும்.

அது சரியாக இருந்தால் பெட்டியை இறக்கலாம். பிளேட்டை கியர் பாக்ஸ் ஷாஃப்டில் கையால் செருகிப் பாருங்கள். பற்கள் எண்ணிக்கையில் ஒத்து, இழுபறி இல்லாமல் வழுக்கிப் போகணும். பிளேட்டின் நடு மேடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். திருப்பிப் போட்டிருந்தால் அது ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும், கிளட்ச் பிரியவே பிரியாது. கவருக்குள் பிளேட் விளிம்பில் உரசிய தடம் இருந்தால் 6¼ கவரில் 6½ பிளேட் புகுந்திருக்கலாம்.

கடைசியாக ரிலீஸ் பேரிங். லீவரோ இதழோ, அதன் நுனி ஃப்ளைவீலிலிருந்து நிற்கும் உயரம் இரண்டு வகைக் கிளட்சிலும் ஒன்றில்லை. ஒன்றின் பேரிங்கை மற்றதோடு சேர்த்தால், எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்து ஸ்லிப் ஆகும், அல்லது எட்டாமல் நின்று பிரியாமல் போகும். எனவே பிளேட், கவர், பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக எடுப்பதே வழி.

ஃப்ளைவீலில் பயன்படாத துளைகள் தெரிந்தால், எப்போதோ அங்கே வேறு கவர் இருந்தது என்று அர்த்தம். துளை மையம் தப்பியிருந்தால் வண்டி அதிரும். இன்னொன்று, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி நிற்கிறது. ஒரிஜினல் என்று எதைச் சொல்வது? இங்கிலாந்து செட்டா, மெட்ராஸிலிருந்து வந்ததா, பட்டறையில் கடைந்ததா? இங்கே கம்பெனியே ஒட்டுப்போட்டுத்தான் பிழைத்தது. அதே கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு ரோவர் எஸ்டி1 உடம்பு, பழைய வேன்கார்டு வழி வந்த இன்ஜின். 1988-ல் அதுவும் நின்றது. இப்படிப்பட்ட தொழிலில் பிறந்த வண்டியிடம் போய் தூய்மையைக் கேட்பது நியாயமா?

ஓடுகிற வண்டிதான் வேண்டுமென்றால் ஒத்துப்போகும் செட்டைப் போடுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கழற்றிய பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் அளவெடுத்து, படம் பிடித்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த ஃப்ளைவீலில் எந்தக் கவர், எத்தனை பல், எத்தனை மில்லிமீட்டர் கடைந்தது, எந்த ஊர்ப் பட்டறை. இந்த அளவுகள் எந்தக் கேட்லாக்கிலும் இல்லை. மாற்றிச் செய்த மெக்கானிக்குகளின் ஞாபகத்தில்தான் இருந்தன. அவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களிடம் கேட்க இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கிறது.