ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்

ஓடுபவர்களுக்குக் கீழ்க்கால் முன்னெலும்பின் உள்விளிம்பை ஒட்டி வரும் வலி. எலும்பும் அதைப் போர்த்திய சவ்வும் தேறுவதற்குள் மீண்டும் மீண்டும் சுமை ஏறுவதே காரணம். மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த உற்சாகத்தில் தூரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டும் புதியவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். தட்டைப் பாதமும் முன்பு இதே வலி வந்திருப்பதும் வாய்ப்பைக் கூட்டும்.

எலும்போரமாக விரலால் அழுத்தினால் 5 செ.மீ.க்குக் குறையாத நீளத்துக்கு வலிக்கும். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையில் முதன்மையானது ஓட்டத்தைக் குறைப்பதுதான். ஐஸ் ஒத்தடம் வலியைத் தணிக்கும், அவ்வளவே. இடைக்காலத்தில் நீச்சலும் சைக்கிளும் உடல்திறனைக் காக்கும். நடக்கும்போது வலி அறவே நின்றபின், நடையும் ஓட்டமும் கலந்து மெல்லத் தொடங்கலாம். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைத்தசையை வலுப்படுத்தும். தேய்ந்த ஷூவை மாற்றுவது நல்லது. விலையுயர்ந்த ஷூ மட்டும் காப்பாற்றாது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். சில வார ஓய்வுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.