எட்டு வருடம் கிடப்பில் கிடந்த ஒரு கட்டுரை

கணக்கில் 5,000 ரூபா இருக்கிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு ஊர்களில், இரண்டு ஏ.டி.எம். இயந்திரங்களில், அதே கணக்கிலிருந்து 5,000 கேட்கிறார்கள். இருவருக்கும் கொடுக்க முடியாது.

ஒரே கணினி என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அது பழுதானால் எல்லாமே நின்றுவிடும். அதனால் ஒரே தரவைப் பல சேவையகங்களில் பிரதியெடுத்து வைக்கிறார்கள். இப்போது எல்லாப் பிரதிகளும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அது எப்படி?

1978 இல் ஜிம் கிரே ஒரு முறையை விளக்கி எழுதினார். முதலில் எல்லாக் கணினிகளிடமும் "தயாரா?" என்று கேட்க வேண்டும். எல்லாம் "ஆம்" என்றால் மட்டுமே "எழுது" என்று சொல்ல வேண்டும். குறை என்னவென்றால், கேட்ட கணினி இடையில் செயலிழந்தால் மற்றவை காத்துக்கொண்டே நிற்கும்.

லெஸ்லி லம்போர்ட் வேறு வழி கண்டார். எல்லோரும் தேவையில்லை, பெரும்பான்மை போதும். ஐந்து சேவையகங்களில் மூன்று ஒப்புக்கொண்டால் முடிவு. எந்த மூன்றை எடுத்தாலும், வேறெந்த மூன்றுடனும் ஒன்றாவது பொதுவாக இருக்கும். எனவே எடுத்த முடிவை நினைவில் வைத்திருக்கும் ஒன்று எப்போதும் உண்டு.

இதை அவர் கிரேக்கத் தீவான பக்சோஸின் பழைய பாராளுமன்றக் கதையாக எழுதினார். உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனிப் பதிவேடு. 1990 இல் ஆய்விதழுக்கு அனுப்பினார். கதையை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து, கட்டுரையை அப்படியே வைத்துவிட்டார். 1998 இல்தான் அது வெளியானது. 2001 இல் கதை இல்லாமல் எளிமையாக மீண்டும் எழுதினார். பின்னர் கூகிள் தன் கணினிகளில் இதைப் பயன்படுத்தியது. 2013 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் லம்போர்ட்டுக்குக் கிடைத்தது.

அப்போதும் பலருக்கு அது விளங்கவில்லை. 2014 இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த டியேகோ ஒங்காரோ, ஜோன் ஔஸ்டர்ஹவுட் இருவரும் 'ராஃப்ட்' என்ற முறையை வெளியிட்டார்கள். அவர்களின் முதல் நோக்கமே படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதுதான். 43 மாணவர்களுக்கு இரண்டையும் கற்பித்துச் சோதித்தார்கள். 33 பேர் ராஃப்ட் கேள்விகளுக்கே நன்றாக விடையளித்தார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு விளங்காதபோது "கவனமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். லம்போர்ட்டின் விடை ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. சொன்ன விதம்தான் அதை எட்டு வருடம் தாமதப்படுத்தியது.

கணினி படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை வாசிக்கக் கொடுங்கள்.