நிலக்காட்சியில் நிற்பவர்கள்: கமீல் பிஸ்ஸாரோ குறித்துச் சில குறிப்புகள்

1

1874 ஏப்ரலில், பாரீஸில் நாதார் என்ற புகைப்படக்காரர் காலி செய்துவிட்டுப் போன ஸ்டூடியோவில் ஒரு கண்காட்சி நடந்தது. அரசாங்கத்தின் சலூன் கண்காட்சியை நம்பி இனிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்த முப்பது பேர் தாங்களாகவே கூடி நடத்தியது அது. இம்ப்ரஷனிஸம் என்ற பெயரே அங்கே விழுந்த கிண்டலிலிருந்து வந்ததுதான். கமீல் பிஸ்ஸாரோ அதில் ஐந்து நிலக்காட்சிகளை வைத்திருந்தார். கண்காட்சி திறப்பதற்குச் சில நாள் முன்னால்தான் ஒன்பது வயதுகூட நிரம்பாத அவருடைய மகள் ழான் இறந்திருந்தாள்.

'உறைபனி' என்ற அவருடைய ஓவியத்தை லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர் நார்நாராகக் கிழித்தார். அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டி அப்பின மாதிரி இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் தமாஷ் எழுத்தாளர், விட்டுவிடலாம். ஆனால் இந்தப் புதியவர்கள்மேல் அனுதாபம் கொண்டிருந்த கஸ்தாஞாரி என்ற விமர்சகரும் பிஸ்ஸாரோவிடம் ஒரு குறை கண்டார். காய்கறித் தோட்டங்கள்மேல் இந்த மனுஷனுக்கு ஏனோ வருந்தத்தக்க மோகம்; முட்டைக்கோஸை வரையக்கூடக் கூசுவதில்லை என்கிற மாதிரி எழுதினார்.

லெரோயின் கிண்டலைவிட இந்தக் குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லெரோய்க்குப் பிரச்சனை தூரிகை வீச்சு. கஸ்தாஞாரிக்குப் பிரச்சனை முட்டைக்கோஸ். நிலக்காட்சி என்று ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டும்போது அதில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று யாரோ ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். மலை இருக்கலாம், இடிந்த கோட்டை இருக்கலாம், ஆற்றங்கரையில் குளிக்கும் தேவகன்னி இருக்கலாம். நாளைக்குச் சந்தைக்குப் போகிற காய் மட்டும் கூடாது. ஏன்? காய் என்று வந்தால் அதை நட்டவள், களை பறித்தவள், கூடையில் சுமந்தவள் எல்லாரும் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

தமிழ் படித்த ஒருவனுக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் தெரியும். நிலம் என்றதும் நமக்குக் கருப்பொருள் என்று ஒரு பட்டியலே வருகிறது. தெய்வம், உணவு, மரம், பறவை, பறை இவற்றோடு அந்த நிலத்து மக்களின் தொழிலும் அதில் உண்டு. ஐரோப்பிய நிலக்காட்சி மரபு பெருமளவுக்கு இந்தத் தொழிலைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 'இயற்கை' என்று வைத்துக்கொண்டது. கெயின்ஸ்பரோவின் ஆண்ட்ரூஸ் தம்பதி ஓவியத்தை முன்வைத்து ஜான் பெர்ஜர் 1972இல் சுட்டிக்காட்டியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அந்த ஓவியத்தில் கதிர் அறுத்துக் கட்டிக் கிடக்கிறது, அறுத்த ஆள் ஒருவரும் இல்லை. இருப்பது நிலத்தின் சொந்தக்காரரும் அவர் மனைவியும் மட்டும். நிலக்காட்சி என்பது நிலத்தை உடையவனின் பார்வை.

சரி, நிலமே இல்லாத ஒருவன் நிலக்காட்சி வரைந்தால் என்ன ஆகும்? பிஸ்ஸாரோவை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2

அவர் பிறந்தது பிரான்சில் அல்ல. கரீபியன் கடலில் அப்போது டென்மார்க்கின் காலனியாக இருந்த செயின்ட் தாமஸ் தீவில், 1830 ஜூலை 10ஆம் தேதி. அப்பா போர்தோவிலிருந்து வந்த யூதர், முன்னோர்கள் போர்த்துகீசியர்கள். இறந்துபோன தன் மாமாவின் சொத்து விவகாரத்தைக் கவனிக்க வந்தவர், அந்த மாமாவின் விதவையையே மணந்துகொண்டார். தீவின் யூத சபை அந்தக் கல்யாணத்தைச் சில வருஷங்களுக்கு ஏற்கவே இல்லை. ஆக, பிள்ளை பிறக்கும்போதே குடும்பம் சொந்தச் சமூகத்தின் வாசலுக்கு வெளியே நின்றிருந்தது.

பன்னிரண்டு வயதில் பாரீஸ் பக்கம் படிக்க அனுப்பினார்கள். 1847இல் திரும்பி வந்து அப்பாவின் கடையில் உட்கார்ந்தார். மறுவருஷம் ஜூலையில், பக்கத்துத் தீவான செயின்ட் க்ராயில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததால் டேனிஷ் கவர்னர் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பிஸ்ஸாரோவுக்கு அப்போது பதினெட்டு நிரம்பப்போகிற வயது. துறைமுகத்தில் சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் கூலிகளையும் கூடைக்காரிகளையும் வரைந்துகொண்டிருந்த பையன் அவர். 1852இல் ஃப்ரிட்ஸ் மெல்பீ என்ற டேனிஷ் ஓவியரோடு வெனிசுவேலாவுக்குப் போய்விட்டார். 1855இல் பாரீஸ் வந்து சேர்ந்தார். தீவுக்குத் திரும்பவே இல்லை.

பாரீஸ் வந்த மறுவருஷம், தீவை நினைவிலிருந்து எடுத்து ஒரு படம் வரைந்தார். கடலோரப் பாதையில் இரண்டு கறுப்பினப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி தலையில் கூடை, இன்னொருத்தி கையில் கூடை. அவ்வளவுதான் படம். எட்டு வருஷம் முன்னால்வரை அந்தத் தீவில் ஒரு கறுப்பினப் பெண் நடுப்பாதையில் நின்று பேசுகிற நேரம் பெரும்பாலும் அவளுக்குச் சொந்தமில்லை, எஜமானனுக்குச் சொந்தம். இந்தச் சின்ன விஷயத்தை நாம் மனசில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

பிரான்சில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வாழ்ந்தும் கடைசிவரை டேனிஷ் குடிமகனாகவே இருந்தார். அம்மாவின் வீட்டில் வேலைக்கு வந்த பர்கண்டி விவசாயக் குடும்பத்துப் பெண் ஜூலி வெல்லேயோடு சேர்ந்து வாழ்ந்தார். வீட்டில் எதிர்ப்பு. கல்யாணப் பதிவு 1871இல்தான், அதுவும் லண்டன் பக்கம் க்ராய்டனில், பிரஷ்யப் படைக்குத் தப்பி ஓடியிருந்த காலத்தில். அந்தச் சமயம் லூவ்சியெனில் அவர் விட்டுவந்த வீட்டைப் பிரஷ்யச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் படாமல் நடக்கக் கான்வாஸ்களை விரித்துப் போட்டார்கள். ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பில் சொற்பமே மிஞ்சியது. பிறகு பொந்துவாஸ், அப்புறம் எராஞி. ஜூலி தோட்டம் போட்டு, கோழியும் முயலும் வளர்த்து, பெரிய குடும்பத்தை ஓட்டினார். எராஞி வீட்டை 1892இல் வாங்கியதுகூட மோனேயிடம் வாங்கிய கடனில்தான். கஸ்தாஞாரி முகம் சுளித்த முட்டைக்கோஸ் பிஸ்ஸாரோவுக்கு ஓவியப் பொருள் மட்டுமில்லை, ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

3

இம்ப்ரஷனிஸம் என்றால் ஒளி, கணம், கண்ணில் படும் பதிவு என்று ஒப்பிக்கிறோம். எட்டு இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிகளிலும் (1874 முதல் 1886 வரை) ஒன்றுவிடாமல் கலந்துகொண்ட ஒரே ஓவியர் பிஸ்ஸாரோ. அவருடைய ஒளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'உறைபனி'யில் உழுத நிலம், சாய்வாக ஏறும் பழைய பாதை, முதுகில் விறகுக் கட்டோடு ஒரு கிழவர். நிலத்தின் குறுக்கே மரங்களின் நீல நிழல்கள் கிடக்கின்றன. மரங்கள் படத்தில் இல்லை, சட்டத்துக்கு வெளியே நம் பக்கம் எங்கோ நிற்கின்றன. நாம் பார்ப்பது முழு இடம் அல்ல, ஒருத்தர் ஒரு இடத்தில் நின்று பார்த்த துண்டு என்பதை அந்த நிழலே சொல்லிவிடுகிறது. 1873இல் பொந்துவாஸ் பக்கம் ஆற்றங்கரைத் தொழிற்சாலையையும் இதே மாதிரி வரைந்தார். புகைபோக்கியை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கவும் இல்லை, அரக்கனாக்கவும் இல்லை.

எண்பதுகளில் அவர் தன்னை அனார்க்கிஸ்ட் என்றே கருதிக்கொண்டார். புரூதோனையும் க்ரொபோட்கினையும் படித்தார். ழான் க்ராவ் நடத்திய பத்திரிகைகளுக்குப் பணமும் படமும் கொடுத்து உதவினார். 1889இல் 'சமூக இழிவுகள்' என்ற தலைப்பில் 28 கோட்டோவியங்கள் வரைந்தார். முதலாளி, பங்குச் சந்தை, பட்டினி, தற்கொலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. லண்டனில் இருந்த உறவுக்காரப் பெண்கள் இருவருக்கு அனுப்பிவைத்தார், அவ்வளவுதான். 1894இல் ஜனாதிபதி கார்னோ கொலையுண்டபின் கைதுக்குப் பயந்து சில மாதம் பெல்ஜியத்தில் இருந்தார்.

இங்கே நம் ஆட்கள் வழக்கமான கேள்வியைக் கேட்பார்கள். அரசியல் இவ்வளவு இருந்தவர் அதை ஏன் ஓவியத்தில் வைக்கவில்லை? பெட்டிக்குள் புரட்சி, சுவரில் ஆப்பிள் மரமா? கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவரிடம் பயமும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். ஆனால் அவர் ஓவியங்களில் அரசியலைத் தேடிக் கொடியும் முஷ்டியும் இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் தேடிய இடம் தப்பு என்றே தோன்றுகிறது.

விவசாயியைப் புரிந்துகொண்டு கலை படைக்க வேண்டுமானால் விவசாயியாகவே வாழ வேண்டும் என்பது க்ரொபோட்கினின் கட்சி. பிஸ்ஸாரோவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனாலும் இதை அவர் ஒப்பவில்லை. பொருளில் தோய்ந்திருக்க வேண்டும்தான், ஆனால் விவசாயியாகவே ஆகணுமா என்பது அவருடைய சந்தேகம். தலித் இலக்கியத்தை ஒட்டித் தமிழில் தொண்ணூறுகளில் நாம் அடித்துக்கொண்ட விவாதம் நினைவுக்கு வரும். யார் வாழ்க்கையை யார் எழுதுவது? அந்த விவாதத்தில் வெளியே நிற்பவனுக்கும் உரிமை உண்டு என்று பேசியவர்கள் பலரும், அந்த உரிமைக்கு என்ன விலை என்று சொல்லாமலேயே போய்விட்டார்கள். பிஸ்ஸாரோவின் ஓவியங்களில் அந்த விலை தெரிகிறது.

4

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் அவருடைய 'இரண்டு இளம் விவசாயப் பெண்கள்' இருக்கிறது. 1891 கோடையில் ஆரம்பித்து 1892 ஜனவரியில் முடித்தது. வயலில் இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இருக்கிறார்கள். ஒருத்தி மோவாயைக் கையில் தாங்கியிருக்கிறாள், இன்னொருத்தி மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருக்கிறாள். ஏதோ பேச்சு ஓடுகிறது, அல்லது பேச்சுக்கு நடுவில் ஒரு மௌனம். 1856இல் கடலோரத்தில் நின்ற அந்த இரண்டு பெண்களும் முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு கண்டத்தில் மறுபடி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இதை மியேயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மியேயின் விவசாயிகள் பெரும்பாலும் குனிந்திருப்பார்கள். நிமிர்ந்தால் பிரார்த்தனை செய்வார்கள். உழைப்பு, இல்லையென்றால் பக்தி. மூன்றாவதாக ஒன்று அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது. பிஸ்ஸாரோவுக்கு அந்த உருக்கம் பிடிக்காது. அவருடைய பெண்கள் சும்மா இருக்கிறார்கள். உழைப்பவர் சும்மா இருப்பதைக் காட்டினால் சோம்பேறி என்பார்கள், குனிந்திருப்பதைக் காட்டினால் புனிதம் என்பார்கள். இரண்டுமில்லாமல், அந்த நேரம் அவளுக்குச் சொந்தம் என்று காட்டுவதுதான் கடினம். நிலம் அவளுடையதில்லை, விளைச்சலும் பெரும்பாலும் அவளுடையதில்லை, இந்த ஐந்து நிமிஷம் அவளுடையது.

அவர்கள் என்ன பேசுகிறார்கள்? நமக்குக் கேட்காது. பிஸ்ஸாரோவுக்கும் கேட்கவில்லை, கேட்ட மாதிரி அவர் பாவனை செய்யவும் இல்லை. பக்கத்தில் போகிறார், உருவங்களைப் பெரிதாக்கி முன்னால் கொண்டுவருகிறார், ஆனால் பேச்சை அவர்களிடமே விட்டுவிடுகிறார். வெளியே நிற்பவன் கொடுக்க வேண்டிய விலை இதுதான் என்று நினைக்கிறேன். பார்க்கலாம், மரியாதையோடு ரொம்ப நேரம் பார்க்கலாம். அவர்களுக்குப் பதிலாகப் பேசக்கூடாது.

5

கடைசிப் பத்து வருஷம் வேறு கதை. கண்ணீர்ச் சுரப்பிப் பையில் வந்த நோய் விடவில்லை. காற்றும் தூசியும் ஆகாது என்றபடியால் ஹோட்டல் அறைகளை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்குப் பின்னால் நின்று நகரத்தை வரைந்தார். 1896இல் ருவான் துறைமுகமும் பாலமும், 1897இல் மோன்மார்த் நிழற்சாலையை மட்டும் பதினாலு ஓவியங்கள். மேலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் புள்ளிகளாகிவிட்டார்கள். அந்த இரண்டு பெண்களின் நெருக்கம் இங்கே இல்லை என்பது உண்மை. ஆனாலும் யாருக்கும் தனி மரியாதை கிடையாது. கோச்சு வண்டியில் போகிறவரும் குடையோடு நடப்பவரும் அதே நாலு தூரிகைத் தொடல்தான்.

அந்த ஜன்னலுக்குக் கீழே அப்போது வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ட்ரைஃபஸ் வழக்கில் ஸோலா 1898 ஜனவரியில் தன் பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். தெருக்களில் யூதர்களுக்கு எதிரான கோஷம். பிஸ்ஸாரோ ஸோலாவின் பக்கம் நின்றார். பழைய தோழர் தேகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரென்வாரும் எதிர்க் கட்சி. ஒளியை ஒன்றாகப் பார்த்தவர்கள் மனிதனை ஒன்றாகப் பார்க்கவில்லை. பிஸ்ஸாரோ 1903 நவம்பர் 13ஆம் தேதி இறந்தார்.

அந்த நாட்களில் வரைந்ததுதான் 'பிற்பகலில் செயின்ட் ஓனோரே தெரு, மழை'. அது பின்னாளில் பெர்லினின் கசிரர் குடும்பத்துக்குப் போனது. 1939இல் லில்லி கசிரர் என்ற யூதப் பெண், ஜெர்மனியை விட்டு வெளியேற அனுமதி வேண்டி, 900 மார்க் என்ற பேருக்கு ஒரு தொகைக்கு அதை நாஜிகளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகையும் அவர் கைக்கு எட்டாத கணக்கில் போடப்பட்டது. ஓவியம் பல கை மாறி மாட்ரிட்டின் தைசன்-போர்னமிஸா மியூசியத்தில் இருக்கிறது. குடும்பம் 2005இல் தொடுத்த வழக்கை, 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடியும் விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பியது.

நிலமில்லாதவன் வாடகை ஜன்னலில் நின்று வரைந்த தெரு, கடைசியில் யார் சொத்து என்ற வழக்காகிவிட்டது. ஓவியத்தில் இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது. குடை பிடித்த ஆட்கள் போகிறார்கள். இரண்டொருவர் பேசுகிற மாதிரியும் இருக்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று இங்கேயும் கேட்கவில்லை.