மெழுகு உருளையும் பேண்டு இசையும்: ஆங்கில நாட்டார் மெட்டுகள் காற்றிசை வடிவம் பெற்ற வரலாறு, 1903–1940

லண்டனுக்கு மேற்கே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி 1857-இல் தொடங்கியது. அதன் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல், பிரிட்டிஷ் பேண்டுகள் மேடையில் வாசித்தவை பெரும்பாலும் இரவல் சரக்குதான். ஓபரா முன்னிசையில் வயலின் வாசிக்க வேண்டியதைக் கிளாரினெட் வாசிக்கும். பாட்டுக்காரியின் பகுதி கார்னெட்டுக்குப் போகும். பேண்டுக்கென்றே எழுதப்பட்ட தரமான படைப்புகள் மிகக் குறைவு. அந்த வறட்சியைத் தீர்த்ததில் நாட்டார் பாடலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இசை வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்பர். பாடலைச் சேகரித்த முறை மாறியபோது பேண்டுக்கு எழுதும் முறையும் மாறியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

நாட்டார் மெட்டு பேண்டில் ஒலிப்பது அதற்கு முன்னும் புதிதன்று. நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் கம்பெனிப் படைகளோடு வந்த ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை; அவற்றுள் 'வந்தே மீனாட்சி', 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்னும் அயர்லாந்து மெட்டு. ஆனால் அந்தக் காலத்துப் பேண்டுக்கு மெட்டு ஒரு நடைப்பாட்டு, அவ்வளவே. அதைப் பாடியவர் யார், எப்படிப் பாடினார் என்று எவரும் கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நாட்டார் பாடல் சங்கம் 1898-இல் தோன்றியது. 1903-இல் சாமர்செட்டின் ஹேம்பிரிட்ஜ் கிராமத்தில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதை செசில் ஷார்ப் எழுதிக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எசெக்ஸில் சேகரிக்கத் தொடங்கினார். இருவரின் கருவியும் பென்சிலும் தாளும்தான். முதியவர் ஒருவர் பத்துக் கண்ணி பாடுவார். ஒவ்வொரு கண்ணியிலும் மெட்டு சற்றே நெளியும். கேட்பவர் அவற்றிலிருந்து ஒரு வடிவத்தைத் தேர்ந்து எழுதிக்கொள்வார். நெளிவுகளில் பல அங்கேயே உதிர்ந்துவிடும்.

இப்படிச் சீரான மெட்டுகளிலிருந்தே குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1911-இல் தம் இரண்டாம் பேண்டுத் தொகுப்பை எழுதினார். டாக்டர் ஜார்ஜ் கார்டினர் ஹாம்ப்ஷயரில் திரட்டிய பாடல்களுக்குப் பின்னணி எழுதிய அனுபவம் அவருக்கு இருந்தது. இளமையில் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர் என்பதால், பேண்டுக்குள் எந்தக் கருவி எங்கே மூச்சு வாங்கும் என்பதும் தெரியும்.

அதன் கடைசிப் பகுதியைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 'டார்கசன்' என்ற பழைய நடன மெட்டு எட்டே அளவைகள் கொண்டது. அதற்கு முடிவு கிடையாது; கடைசிச் சுரம் மறுபடி தொடக்கத்துக்கே தள்ளிவிடும். ஹோல்ஸ்ட் மெட்டைத் தொடவே இல்லை. அது சுற்றிக்கொண்டே இருக்க, சுற்றிலுமுள்ள கருவிகளை மாற்றிக்கொண்டே போகிறார். நடுவில் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' மெட்டு மூன்று மூன்றாக நடந்து வந்து, இரண்டிரண்டாகத் துள்ளும் டார்கசன் மேல் படிகிறது. எல்லாம் ஓய்ந்தபின் உச்சியில் பிக்கலோவும் அடியில் டூபாவும் மட்டும் மிஞ்சுகின்றன. இடையில் பல ஸ்தாயி வெறுமை. இந்த விந்தையை ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து கடன் வாங்க முடியாது. மெட்டின் தாளம் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை கடிகாரம்போல் ஒரே சீராக ஓடுகிறது. 1911-இல் எழுதிய இப்படைப்பு மேடையேற 1922 ஆயிற்று.

மறு ஆண்டு, 1923 ஜூலை 4 அன்று, வான் வில்லியம்ஸின் ஆங்கில நாட்டார் பாடல் தொகுப்பு நெல்லர் ஹாலில் அரங்கேறியது. இன்றும் உலகெங்கும் பள்ளி பேண்டுகள் விரும்பி வாசிப்பது. மூன்று பகுதிகளில் இரண்டு அணிவகுப்பு நடை. நடுப்பகுதியில் ஓபோ தனியே பாடுகிறது. இனிமையான படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கிராமத்துப் பாட்டுக்கு இங்கே ராணுவச் சீருடை மாட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெர்சி கிரெய்ஞ்சர் வேறு வழியில் வந்தவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, லண்டனில் பியானோக் கலைஞராக வாழ்ந்தவர். 1905-இல் லிங்கன்ஷயரின் பிரிக் ஊரில் நடந்த இசைப் போட்டிக்குப் போனார். அங்கே ஜோசப் டெய்லர் என்ற முதியவரின் பாட்டு அவரை ஈர்த்தது. மறு ஆண்டு மெழுகு உருளையில் பதியும் ஃபோனோகிராஃபோடு திரும்பி வந்தார். இங்கிலாந்தில் நாட்டார் பாடல் சேகரிப்புக்கு இக்கருவியை முனைந்து பயன்படுத்தியவர்களில் அவரே முன்னோடி.

உருளையை மெதுவாகச் சுழலவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது. பென்சில்காரர்கள் தவறவிட்டவை அப்போது எழுத்தில் வந்தன: ஓர் அடியில் நான்காயும் அடுத்ததில் ஐந்தாயும் விழும் தாளம், சொல்லுக்குச் சொல் மாறும் நொடிப்பு, ஒரே பாட்டில் கூடியும் குறைந்தும் ஒலிக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்கள். சங்கத்தின் இதழில் 1908-இல் இவற்றையெல்லாம் விரிவாக வெளியிட்டார். ஷார்ப் உடன்படவில்லை. பயிற்சி பெற்ற செவி தேர்ந்தெடுக்கும் வடிவமே கலைக்குத் தேவை, இயந்திரத் துல்லியம் தேவையில்லை என்பது அவர் கட்சி. இயந்திரத்தின் முன் பாடகர் கூச்சப்படுவார் என்றும் கருதினார். அந்தக் கவலை நியாயமானதே. கள ஆய்வு செய்த எவரும் அறிவர்.

கிரெய்ஞ்சர் 1914-இல் அமெரிக்கா போனார். 1917-இல் அந்நாட்டு ராணுவ பேண்டில் சாதாரண வாத்தியக்காரராகச் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஓபோவும் சாக்ஸபோனும் ஊதிக்கொண்டிருந்தார்! அங்கே பேண்டை அவர் உள்ளிருந்து கற்றார். 1918-இல் வெளிவந்த அவருடைய 'கவுன்டி டெரியின் அயர்லாந்து மெட்டு' அதன் விளைச்சல். அதில் மெட்டு முதலில் உச்சியில் ஒலிக்காமல், ஆண்குரல் எட்டும் நடு ஸ்தாயிக் கருவிகளிலிருந்து எழுகிறது. ஊதும் கருவி மூச்சால் பாடுவது. ஆகவே மனிதக் குரலின் சாயல் அதற்கு எளிதில் வாய்க்கிறது.

உருளையும் பேண்டும் முழுமையாகச் சந்தித்தது 1937-இல், 'லிங்கன்ஷயர் போசி'யில். அமெரிக்க பேண்டு மாஸ்டர்கள் சங்க மாநாட்டுக்காக எழுதப்பட்ட இது, மார்ச் 7 அன்று மில்வாக்கியில் மேடையேறியது. வாசித்த குழுவில் ஊரின் மதுபான ஆலைகளின் பேண்டுக்காரர்களும் இருந்தனர். ஆறு பகுதிகளும் அன்று வாசிக்கப்படவில்லை. தாளம் அவ்வளவு கடினமாக இருந்தது. ஒவ்வொரு பகுதியும் அதைப் பாடியவரின் இசைச் சித்திரம் என்று கிரெய்ஞ்சர் முன்னுரையில் விளக்குகிறார். பாடியவரின் குணமும் பாடும் பழக்கமும் சேர்ந்தே அதில் பதிவாக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

டெய்லர் பாடிய 'ரஃபோர்டு பார்க் போச்சர்ஸ்' பகுதியில் அளவைக்கு அளவை தாளம் மாறுகிறது. மெட்டை ஒரு கருவி தொடங்க, இன்னொன்று சற்றுப் பின்தங்கித் தொடர்கிறது. தனிப்பாட்டை ஃபிளூகல்ஹார்னுக்கும் எழுதியிருக்கிறார், சோப்ரானோ சாக்ஸபோனுக்கும் எழுதியிருக்கிறார். எதை வாசிப்பது என்பது நடத்துநர் விருப்பம். ஜார்ஜ் ரே பாடிய 'லார்டு மெல்பர்ன்' இன்னும் துணிச்சலானது. தொடக்கத்தில் தாளக் கட்டே கிடையாது. நடத்துநர் கையசைத்து ஒவ்வொரு சுரத்தையும் தம் விருப்பப்படி நீட்டவோ குறுக்கவோ வேண்டும். காகிதத்தையே பார்த்து வாசிக்கப் பழகியவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை. நம் விருத்தம் பாடுபவரோடு முப்பது பேர் சேர்ந்து பாட வேண்டியிருந்தால் என்ன ஆகுமோ, அந்த நிலை.

சேகரித்த முறையே எழுதும் முறையை மாற்றியது என்ற வாதத்துக்கு இதே படைப்பில் ஓர் உரைகல் இருக்கிறது. கடைசிப் பகுதியான 'தி லாஸ்ட் லேடி ஃபவுண்டு' கிரெய்ஞ்சரின் உருளையிலிருந்து வந்ததன்று. லூசி பிராட்வுட் தம் குடும்பத்தின் பழைய செவிலித்தாயிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதியது. ஆறு பகுதிகளிலும் மிகச் சீரான தாளத்தில், மூன்றடி நடனமாகத் தடையின்றி ஓடுவது இதுவே. நெளிவுகளைக் காகிதம் உதிர்த்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் கிரெய்ஞ்சரே இதை நடனப்பாட்டு என்கிறார். ஆடுபவர் காலுக்குச் சீர் வேண்டும். தவிர, அவரே களத்தில் திரட்டிய 'லிஸ்பன்' என்ற முதற்பகுதியும் ஓரளவு சீரான நடைதான். சீரெல்லாம் பென்சிலின் குற்றம் என்று சொல்ல முடியாது. சீரற்றதை எழுதத் துணிந்தது மட்டும் உருளையின் வரவுக்குப் பிறகே நிகழ்ந்தது.

டெய்லரின் குரல் 1908-இலேயே கிராமஃபோன் கம்பெனி இசைத்தட்டில் வந்தது. 1972-இல் நெடுந்தட்டாக மறுபடி வெளியாயிற்று. 'போசி' 1940-இல் அச்சேறியபோது சுருக்கப் பிரதிதான் நடத்துநருக்குக் கிடைத்தது. அதன் பிழைகளைக் களைந்து ஃபிரெடரிக் ஃபென்னெல் முழுப் பிரதியை 1987-இல் பதிப்பித்தார். இன்று ஒத்திகைக்கு முன் ஒரு நடத்துநர் டெய்லரின் குரலையும் முழுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். ஹோல்ஸ்டின் ஹாம்ப்ஷயர் மெட்டுகளுக்கு அப்படிப்பட்ட வாய்ப்பு இல்லை.